ஒரு பாட்டு படும் பாடு

கே: யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு ஒவ்வொரு நாடும் பாட்டை எப்படித் தேர்ந்தெடுக்கிறது? அமைச்சரவை கூடி முடிவு செய்யுமா?
(திருவாரூர் வாசகர்)

ப: அமைச்சரவையை விடுங்கள், நாடே தேர்ந்தெடுப்பதில்லை. அந்தந்த நாட்டின் தொலைக்காட்சி நிலையம்தான் பாட்டை அனுப்புகிறது. ஸ்வீடனுக்கு எஸ்.வி.டி., இத்தாலிக்கு ராய், பிரிட்டனுக்கு பி.பி.சி. எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது அவரவர் வீட்டு விவகாரம். சிலர் கதவைச் சாத்திக்கொண்டு நாலு பேராக முடிவு செய்துவிடுகிறார்கள். சிலர் ஊரைக் கூட்டி ஓட்டுப் போடச் சொல்கிறார்கள். முன்னதில் ஊரே சேர்ந்து நிலையத்தைத் திட்டும். பின்னதில் ஊருக்குள்ளேயே ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள்.

போட்டியை நடத்துவது ஜெனீவாவில் இருக்கும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம். அது பெரிதாகக் கெடுபிடி செய்வதில்லை. பாட்டு 3 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மேடையில் 6 பேருக்கு மேல் நிற்கக் கூடாது. 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும். முக்கியப் பாடகர் மேடையில் நிஜமாகவே பாட வேண்டும். இந்தக் கடைசி விதியைப் படித்துவிட்டு நீங்கள் யாரையாவது நினைத்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல.

கே: பாடுகிறவர் அந்த நாட்டுக்காரராகவாவது இருக்க வேண்டாமா?
(பழனி வாசகி)

ப: வேண்டாம். லக்ஸம்பர்க் 5 முறை வென்றிருக்கிறது. வென்று கொடுத்த ஐவரில் ஒருவர்கூட லக்ஸம்பர்க்காரர் இல்லை. 1988இல் சுவிட்சர்லாந்துக்காகப் பாடி ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த பெண் கனடாக்காரர். பெயர் செலின் டியோன். 2011இல் அஜர்பைஜான் வென்ற பாட்டை உருவாக்கியவர்கள் இரண்டு ஸ்வீடன்காரர்களும் ஒரு பிரிட்டிஷ்காரரும். தேசபக்தி என்பது கொடியை ஆட்டும்போது மட்டும்.

கே: மற்ற நாடுகள் சத்தமில்லாமல் தேர்ந்தெடுக்கும்போது ஸ்வீடனில் மட்டும் ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?
(நாகர்கோவில் வாசகர்)

ப: பிப்ரவரி மாதத்து ஸ்வீடனில் சனிக்கிழமை இரவு வேறு என்ன செய்வது என்று நினைக்கிறீர்கள்?

அங்கே இந்தத் தேர்வுக்கே ‘மெலொடிஃபெஸ்டிவாலென்’ என்று தனிப் பெயர் உண்டு, 1959இலிருந்து நடத்துகிறார்கள். 2002இலிருந்து அது ஊர் ஊராகப் போகும் திருவிழா. 2025இல் 30 பாட்டுகள், 5 ஊர்களில் 5 சுற்று, ஆறாவது வாரம் ஸ்டாக்ஹோம் பக்கத்தில் கால்பந்து மைதானத்தில் இறுதிச் சுற்று. நம் கிரிக்கெட் அணித் தேர்வை யாராவது இப்படி நடத்திக்காட்டினால் விளம்பர வருமானத்தில் ஒரு மாநிலத்தையே நடத்தலாம். எஸ்.வி.டி.யில் விளம்பர இடைவேளை கிடையாது என்பதால் அவர்களுக்கு அந்தக் கவலையில்லை.

ஓட்டுப் போடும் முறைதான் எனக்குப் பிடித்தது. கைப்பேசிச் செயலியில் இதயக் குறியை அமுக்கினால் ஓட்டு. செலவில்லை. ஓட்டுகளை வயது வாரியாகப் பிரிக்கிறார்கள். 3 வயதிலிருந்து 9 வயது வரை ஒரு கூட்டம், அடுத்து 10 முதல் 15, அப்படியே ஏறி 75க்கு மேல் ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டமும் ஒரு நடுவர் குழு மாதிரி 12, 10, 8 என்று புள்ளி தருகிறது. ஆக, ஒன்றாம் வகுப்புக்காரர்களின் தீர்ப்புக்கும் பென்ஷன்காரர்களின் தீர்ப்புக்கும் ஒரே எடை. இளவட்டங்கள் விடிய விடிய அமுக்கினாலும் தாத்தாக்களை மீற முடியாது. பேரன் பேத்திகளையும் மீற முடியாது. குழந்தைகளுக்கு ஓட்டுரிமை கொடுத்தும் அந்த நாடு நன்றாகத்தான் இருக்கிறது.

இறுதிச் சுற்றில் இதெல்லாம் பாதிப் புள்ளிதான். மீதிப் பாதியை வெளிநாட்டு நடுவர்கள் தருகிறார்கள். அனுப்புவது வெளியூருக்கு அல்லவா, வெளியூர்க்காரனுக்குப் பிடிக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறார்கள்.

கே: ஸ்வீடனுக்காகப் பின்லாந்துக்காரர்கள் பாடினார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். அச்சுப் பிழைதானே?
(சிவகாசி வாசகர்)

ப: அச்சுத் தொழில் நடக்கும் ஊரிலிருந்து இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் பிழையில்லை.

பின்லாந்தின் மேற்குக் கரையில் ஸ்வீடிஷ் பேசும் சிறுபான்மையினர் இருக்கிறார்கள். அங்கே வோரோ என்ற சிற்றூரைச் சேர்ந்த கெவின், ஆக்ஸெல், யாகோப் என்ற மூவர் தங்கள் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து கே.ஏ.ஜே. என்று ஒரு நகைச்சுவைப் பாட்டுக் குழு வைத்திருக்கிறார்கள். 2025இல் இவர்கள் ஸ்வீடன் தேர்வுக்குள் நுழைந்து, ஸ்வீடிஷ் மொழியின் தங்கள் ஊர்ப் பேச்சு வழக்கில், சவுனா என்னும் நீராவிக் குளியலைப் பற்றிப் பாடினார்கள். சவுனா பின்லாந்தின் பெருமை. எதிரே நின்றவர் 2015இல் யூரோவிஷனையே வென்று கொடுத்த மான்ஸ் செல்மர்லோவ். ஜெயித்தது நீராவி.

1999இல் எந்த மொழியிலும் பாடலாம் என்று விதி தளர்ந்தது. அன்றிலிருந்து ஸ்வீடன் ஆங்கிலத்திலேயே பாடிக்கொண்டிருந்தது. கடைசியாக ஸ்வீடிஷில் பாட்டு அனுப்பியது 1998இல். கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தாய்மொழியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தவர்களுக்கு, அதை எடுத்துக் கொடுக்கப் பக்கத்து நாட்டிலிருந்து மூன்று பேர் வரவேண்டியிருந்தது. பந்தயக்காரர்கள் பல வாரம் இவர்கள்மேல்தான் பணம் கட்டினார்கள். பேசல் நகரில் நடந்த யூரோவிஷனில் கிடைத்தது நாலாவது இடம். அப்படியும் ஊருக்குத் தலைநிமிர்ந்து போனார்கள். இரண்டு ஊருக்கும்.

கே: ‘ஆபா’ குழுவையே ஒருமுறை தள்ளிவிட்டார்களாமே?
(சேலம் வாசகி)

ப: 1973இல் ‘ரிங் ரிங்’ பாட்டோடு வந்தார்கள். நிபுணர் குழு மூன்றாவது இடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த வருடமே ‘வாட்டர்லூ’வோடு வந்து, உள்ளூரிலும் ஜெயித்து, இங்கிலாந்தின் பிரைட்டனில் யூரோவிஷனையும் ஜெயித்தார்கள். நிபுணர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் தேடவில்லை.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். ஜெயித்த நாடு அடுத்த போட்டியை நடத்த வேண்டும் என்பது வழக்கம். 1975இல் ஸ்டாக்ஹோமில் நடத்தினார்கள். ‘இது வியாபாரச் சங்கீதம், மக்கள் பணம் வீண்’ என்று இடதுசாரி இசைக்கலைஞர்கள் கொதித்தெழுந்து எதிர் விழா நடத்தினார்கள். 1976 போட்டிக்கு ஸ்வீடன் போகவே இல்லை. உலகப் புகழ் கிடைத்ததும் வெட்கப்பட்ட நாடு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

கே: மக்கள் ஒன்று சொல்ல, நடுவர்கள் வேறு சொன்னால்?
(புதுச்சேரி வாசகர்)

ப: ஸ்பெயின் ஆகும். 2022இல் பெனிடோர்ம் என்ற கடற்கரை ஊரில் தேர்வு நடந்தது. தொலைபேசி ஓட்டில் 70 சதவீதத்துக்கு மேல் வாங்கியவர்கள் தான்ஷுகெய்ராஸ் என்ற மூன்று கலீசியப் பெண்கள், கஞ்சிரா மாதிரி ஒரு தோல் கருவியைத் தட்டிக்கொண்டு பாடியவர்கள். ஷனெல் என்ற நடனக்காரப் பாடகிக்கு அதில் 4 சதவீதம்கூட இல்லை. நடுவர்கள் ஷனெலை மேலே தூக்கிவிட்டார்கள், அவர்தான் ஜெயித்தார். நாடாளுமன்றம் வரை விவகாரம் போனது. வசவு தாங்காமல் அந்தப் பெண் ட்விட்டரை விட்டே வெளியேறினார்.

மே மாதம் யூரோவிஷனுக்காக டூரின் போனார். ஆடினார், பாடினார், மூன்றாவது இடம். ஸ்பெயினுக்குப் பல வருடங்களில் கிடைக்காத இடம். பிப்ரவரியில் திட்டியவர்கள் மே மாதத்தில் ‘நம்ம பொண்ணு’ என்றார்கள். திட்டியவர்களின் நினைவாற்றல் எந்த நாட்டிலும் மூன்று மாதத்துக்கு மேல் தாங்குவதில்லை.

கே: ஜெயித்தவரே ‘எனக்கு வேண்டாம்’ என்று சொன்னதுண்டா?
(விருதுநகர் வாசகர்)

ப: ஜெர்மனி, 2015. ஆந்திரயாஸ் க்யூமெர்ட் மக்கள் ஓட்டில் வென்றார். நேரலையில், மேடையிலேயே, ‘நான் ஒரு சின்னப் பாடகன், இரண்டாவது வந்தவரே போகட்டும்’ என்கிற மாதிரி சொல்லி ஒதுங்கினார். இரண்டாவது வந்த ஆன் சோஃபி திகைத்து நின்றார். யூரோவிஷனுக்காக வியன்னாவுக்குப் போனார். பூஜ்ஜியம் வாங்கினார். தனியாக இல்லை, போட்டியை நடத்திய ஆஸ்திரியாவும் அதே இரவில் பூஜ்ஜியம்.

இத்தாலியில் இது ஒரு மரபு. சான்ரெமோ விழாவில் வெல்கிறவருக்குத்தான் யூரோவிஷன் வாய்ப்பு, விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாம். 2025இல் வென்ற ஓலி விட்டுவிட்டார். இரண்டாவது வந்த லூச்சோ கோர்சி போய் ஐந்தாம் இடம் பிடித்தார். அவர்களுக்குச் சான்ரெமோதான் பெரியது, யூரோவிஷன் அதன் தம்பி. 1951இல் தொடங்கிய சான்ரெமோவைப் பார்த்துத்தான் 1956இல் யூரோவிஷனே பிறந்தது, ஆகவே அந்த மிதப்பில் நியாயம் இருக்கிறது.

கே: மிகவும் அசட்டுத்தனமான தேர்வு எது?
(கரூர் வாசகி)

ப: அயர்லாந்து, 2008. 1992, 93, 94 என்று தொடர்ந்து மூன்று வருடம் ஜெயித்த நாடு. மொத்தம் 7 வெற்றி. அந்த நாட்டு மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியது ஒரு வான்கோழியை. பொம்மைதான். டஸ்டின் என்று பெயர், குழந்தைகள் நிகழ்ச்சியில் பிரபலம். தள்ளுவண்டியில் உட்கார்ந்துகொண்டு அது யூரோவிஷனையே கிண்டல் செய்து பாடியது. அரையிறுதியோடு சரி. ஜெயித்து ஜெயித்து அலுத்தவன் சீட்டைக் கிழித்துப் போடுவதைப் போல என்று சிலர் வாதாடினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏழாவது முறை ஜெயித்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

கே: பாட்டுப் போட்டியில் அரசியல் உண்டா?
(மதுரை வாசகர்)

ப: கூடாது என்று விதி இருக்கிறது. இதிலிருந்தே உண்டு என்று தெரியவில்லையா?

1968இல் ஸ்பெயினின் பாடகர் செர்ராத் கட்டலான் மொழியில்தான் பாடுவேன் என்றார். சர்வாதிகாரி பிராங்கோவின் காலம். ஆளை மாற்றினார்கள். கடைசி நேரத்தில் வந்த மஸியெல் ஸ்பானிஷில் பாடி ஜெயித்தும் விட்டார். 2009இல் போட்டி மாஸ்கோவில். முந்தைய வருடம்தான் ரஷ்யாவோடு போரிட்டிருந்த ஜார்ஜியா, புதினின் பெயர் ஒலிக்கும்படி ஒரு பல்லவியைத் தேர்ந்தெடுத்தது. வரியை மாற்றச் சொன்னார்கள், ஜார்ஜியா போட்டியையே விட்டுவிட்டது. உக்ரைனில் 2022இல் தேர்வில் வென்ற பாடகி, கிரிமியா பயணத்துக்கான காகிதங்கள் பற்றி எழுந்த சர்ச்சையில் விலகினார். இரண்டாவது வந்த கலுஷ் ஆர்க்கெஸ்ட்ரா போனது. போர் தொடங்கிய மூன்றாம் மாதம் கோப்பையோடு வந்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் உச்சம் 1974 ஏப்ரல், ‘ஆபா’ ஜெயித்த அதே பிரைட்டன் மேடை. இத்தாலி அனுப்பிய பாட்டின் பெயர் ‘ஸீ’, அதாவது ‘ஆம்’. அடுத்த மாதம் இத்தாலியில் விவாகரத்துச் சட்டத்தை நீக்கலாமா என்று பொது வாக்கெடுப்பு. ஒரு பெண் மூன்று நிமிடம் ‘ஆம், ஆம்’ என்று பாடினால் மக்கள் அப்படியே குத்திவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, ராய் தன் நாட்டுப் பாட்டையே தன் நாட்டுக்குக் காட்டவில்லை. அது இரண்டாம் இடம் வாங்கியதை இத்தாலியர்கள் பார்க்க முடியவில்லை. மக்கள் கடைசியில் ‘இல்லை’ என்றுதான் போட்டார்கள்.

அதே மேடையில் 3 புள்ளி வாங்கிக் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டது போர்ச்சுகல். அது ஒரு சாதுவான காதல் பிரிவுப் பாட்டு. ஏப்ரல் 24 இரவு லிஸ்பன் வானொலியில் அது ஒலித்தது. புரட்சிக்குத் தயாராக இருந்த ராணுவ அதிகாரிகளுக்கு அதுதான் முதல் சைகை. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்றே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். மறுநாள், அரை நூற்றாண்டை நெருங்கிய சர்வாதிகாரம் விழுந்தது. கடைசி இடத்தைப் பிடித்த பாட்டை இதைவிட நன்றாக யாரும் பயன்படுத்தியதில்லை.

கே: ஆக, மக்களிடம் விடுவது நல்லதா, நிபுணர்களிடம் விடுவதா? மழுப்பாமல் சொல்லவும்.
(ஈரோடு வாசகர்)

ப: யார் கையில் விட்டாலும் பரவாயில்லை. ‘வெளிநாட்டுக்காரனுக்கு என்ன பிடிக்கும்’ என்று யோசிக்கிறவர் கையில் மட்டும் விடாதீர்கள். சம்பந்தி வீட்டாருக்கு எது பிடிக்கும் என்று ஊகித்து ஊகித்துச் சமைத்த விருந்து, கடைசியில் இரண்டு வீட்டாருக்கும் இறங்காது.

2006இல் பின்லாந்து மக்கள் லோர்டி என்ற ராக் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அரக்கர் முகமூடி, கொம்பு, இறக்கை. நாட்டு மானம் போயிற்று என்று கூக்குரல். 292 புள்ளியோடு ஜெயித்தார்கள். 1961இலிருந்து போய்வந்த நாட்டுக்கு முதல் வெற்றி. 2023இல் அதே பின்லாந்து பச்சை நிறக் கைச்சட்டை போட்ட கேரியாவை அனுப்பியது. ஃபின்னிஷ் மொழிப் பாட்டு. ஐரோப்பா முழுக்க மக்கள் ஓட்டில் அவர்தான் முதல், நடுவர் ஓட்டோடு கூட்டியபோது இரண்டாவது. 2017இல் போர்ச்சுகல் அனுப்பியது ஆட்டமில்லாமல், பட்டாசில்லாமல், போர்ச்சுகீசிய மொழியில் ஒரு மெல்லிய பாட்டு. 758 புள்ளி, அந்த நாட்டின் முதல் வெற்றி. இவர்கள் யாரும் அடுத்தவரை ஊகித்துப் பாடியவர்களில்லை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2025இல் ஜெயித்த ஆஸ்திரியா மக்களைக் கேட்கவே இல்லை. நிலையத்தார் உட்கார்ந்து ஒபரா குரலில் உச்சத்துக்குப் போகும் ஜேஜே என்ற இளைஞரை அனுப்பினார்கள். அந்த அறைக்குள் யாரோ ஒருவருக்குத் துணிச்சல் இருந்திருக்கிறது. பிரிட்டன் 2021இல் அப்படித்தான் உள்ளேயே முடிவெடுத்துப் பூஜ்ஜியம் வாங்கியது, அடுத்த வருடம் அதே மாதிரி உள்ளேயே முடிவெடுத்து சாம் ரைடரை அனுப்பி இரண்டாம் இடம் வாங்கியது. முறை ஒன்றுதான், பாட்டு வேறு.

கே: இந்தியா ஏன் கலந்துகொள்வதில்லை?
(திருநெல்வேலி வாசகி)

ப: ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தில் முழு உறுப்பினராக இருக்கும் நிலையங்களுக்குத்தான் போட்டி. மொராக்கோ 1980இல் வந்தது அந்தக் கணக்கில்தான். ஆஸ்திரேலியா 2015இலிருந்து அழைப்பின் பேரில் வருகிறது. நமக்கு அழைப்பு வந்தாலும் எந்த மொழியில் பாடுவது என்று முடிவாவதற்குள் போட்டி முடிந்துவிடும்.

கே: பார்க்க ஆசை வந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?
(காரைக்குடி வாசகர்)

ப: மே மாத இறுதிப் போட்டியிலிருந்து தொடங்காதீர்கள். அங்கே வருவது வடிகட்டிய சரக்கு. பிப்ரவரி மார்ச்சில் நடக்கும் தேர்வுகளைப் பாருங்கள். தோற்ற பாட்டுகளில்தான் ஒரு நாட்டின் நிஜமான ரசனை தெரியும். சான்ரெமோ ஐந்து இரவு, ஒவ்வொன்றும் அங்கேயே நள்ளிரவைத் தாண்டும், அது வேலையில்லாதவர்களுக்கு. ஸ்வீடன் தேர்வு சனிக்கிழமை இரவு 8 மணிக்குத் தொடங்கும், நம் நேரத்துக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஞாயிறு காலையில் வேலை இருப்பவர்கள் தூங்கிவிட்டு, எழுந்து யூடியூபில் பார்த்துக்கொள்ளுங்கள்.