ஜன்னலை அடைத்த விமானம்

1992 மார்ச்சில் அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானத்தளம் தொடங்கியபோது, நான் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். நீர்மூழ்கிகளைத் தேடும் கடற்படையின் டியு-142 விமானங்கள் கோவாவிலிருந்து இங்கே குடிவந்தன. அன்றிலிருந்து எங்கள் பாடவேளையைப் பள்ளிக்கூட மணி மட்டும் தீர்மானிக்கவில்லை.

நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு காற்றாடிகள். அந்தச் சத்தம் தூரத்தில் கிளம்பும்போதே சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன். அது தலைக்கு மேல் வந்து, ஓட்டுக்கூரையை அதிரவைத்துக் கடந்து போகும்வரை பேசிப் பயனில்லை. பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடுவார்கள். நான் தடுத்ததே இல்லை. அதிர்வு என்றால் என்ன என்று நெஞ்சுக்கூட்டிலேயே உணரவைக்கும் கருவி எங்கள் ஆய்வகத்தில் வேறு ஏது?

2013 மே மாதத்தில், டியு-142இன் இடத்துக்கு வரவிருந்த பி-8ஐ விமானங்களில் முதலாவது வந்து இறங்கியது. அதற்குப் பிந்தைய ஒரு மதியம், வகுப்பில் ஒருவரும் தலை நிமிரவில்லை. “மேலே என்ன போகுது?” என்றேன். “ஏதோ ஃப்ளைட் சார், மெட்ராஸ்ல இருந்து போவுது” என்றான் கடைசி பெஞ்சுக்காரன்.

அவன்மேல் தப்பில்லை. அது போயிங் 737தான். 737-800இன் உடல், 737-900இன் இறக்கை. எஞ்சின்கூட ஊர் ஊராகப் பயணிகளைச் சுமக்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. மறுநாள் எல்லோரையும் மைதானத்துக்கு அழைத்துப்போய்க் காத்திருந்தேன். வந்தது. “ஜன்னலை எண்ணுங்க” என்றேன். வரிசையையே காணோம்! பயணிகள் விமானத்தில் உள்ள ஜன்னல் வரிசையை அடைத்துவிட்டு, முன்பக்கம் மட்டும் கடலைப் பார்ப்பவர்களுக்காகப் பெரிதாக வைத்திருக்கிறார்கள். உள்ளே ரேடார் திரைகளின் முன்னால் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நீருக்கடியில் ஒலி கேட்கும் மிதவைகள் நூற்றுக்கும் மேல் இருக்கும். வயிற்றில், இறக்கைக்குப் பின்னால், டார்பிடோ அறை.

வாலில் கொம்பு போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது என்ன என்று கேட்டார்கள். வகுப்புக்குத் திரும்பியதும் மேசையில் காந்த ஊசியை வைத்து, சத்துணவுக் கூடத்திலிருந்து இரும்புப் படி ஒன்றை வாங்கிவந்து பக்கத்தில் கொண்டுபோனேன். ஊசி திரும்பியது. படியைத் தள்ளிப் பிடித்தேன், ஊசி அசையவில்லை. நீர்மூழ்கியின் இரும்பு பூமியின் காந்தப்புலத்தைச் சற்றே கோணலாக்கும். அந்தக் கோணலை முகர்வதுதான் அந்தக் கொம்பு. தூரம் இரண்டு மடங்கானால் விளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே தாழப் பறந்தாக வேண்டும். அமெரிக்கக் கடற்படை தன் பி-8இல் இந்தக் கருவியை வேண்டாமென்று விட்டது. இந்தியா கேட்டு வாங்கிக்கொண்டது. முப்பதாயிரம் அடிக்கு மேல் வழுக்கிச் செல்ல உருவான விமானத்தை உப்புக்காற்றிலும் குலுக்கலிலும் கடல்மட்டத்துக்கு அருகே இறக்குகிறார்கள் என்றால் சும்மாவா? அதற்காகவே உடலுக்குக் கூடுதல் வலு கொடுத்திருக்கிறார்கள். அந்த வகுப்பை நினைத்தால் இப்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

ராஜாளியின் 312ஆம் அணிக்குப் பயணிகள் விமானம் புதிதல்ல. 1976இல் அந்த அணி தொடங்கியது சூப்பர் கான்ஸ்டலேஷன்களோடு. ஏர் இந்தியாவில் பயணிகளைச் சுமந்து, விமானப்படைக்குப் போய், அங்கிருந்து கடற்படைக்கு வந்தவை அவை. அடுத்து வந்த டியு-142 குண்டுவீச்சு விமானக் குடும்பம். சோவியத்தில் அந்தக் குடும்பத்தின் டியு-95இலிருந்து டியு-114 என்ற பயணிகள் விமானத்தையே செய்தார்கள். அங்கே குண்டுவீச்சு விமானத்திலிருந்து பயணிகள் விமானம் வந்தது; இங்கே இருக்கையை எடுத்துவிட்டு ரேடார் வைத்தோம்.

எனக்குப் பி-8ஐமேல் தனி மரியாதை வந்தது 2014 மார்ச்சில். 239 பேரோடு மலேசிய விமானம் எம்எச்370 காணாமல் போனபோது, தேடப் போனவற்றில் இதுவும் ஒன்று. காலையில் செய்தித்தாளை வகுப்பில் வாசித்தேன். பயணிகள் விமானத்தின் உடலை வைத்திருக்கும் ஒன்று, இன்னொரு பயணிகள் விமானத்தைக் கடல்மேல் தேடி அலைகிறது. அன்று பிள்ளைகள் யாரும் பேசவில்லை.

2017 மார்ச் 29 அன்று டியு-142க்கு ராஜாளியில் விடைகொடுத்தார்கள். அதே ஆண்டு நானும் ஓய்வுபெற்றேன். எட்டு டியுக்கள் இருந்த இடத்துக்கு முதலில் வாங்கியதும் எட்டு பி-8ஐதான். ஆனால் 737 வரிசையில் 2018க்குள்ளேயே பத்தாயிரம் விமானங்கள் வந்துவிட்டன. அத்தனை விமானங்களைப் பழுதுபார்த்த கைகளின் அனுபவமும் அந்த எட்டுக்கும் சேர்ந்து கிடைக்கிறது.

போன வருடம் பேரனோடு விசாகப்பட்டினம் போனேன். கடற்கரைச் சாலையில் ஒரு டியு-142 அருங்காட்சியகமாக நிற்கிறது. எதிரே ஐஎன்எஸ் குர்சுரா நீர்மூழ்கி. வாழ்நாளெல்லாம் நீர்மூழ்கியைத் தேடிய விமானம், சாலைக்கு இந்தப் பக்கம் அதைப் பார்த்தபடியே நிற்கிறது. உள்ளே ஏறி அதன் சுவரைத் தொட்டேன். சத்தமே இல்லை. கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்த விமானத்தின் இருக்கைப் பையில் இருந்த பாதுகாப்பு அட்டையில் ‘போயிங் 737’ என்று போட்டிருந்தது. எங்கள் இடம் இறக்கைக்குப் பின்னால். பேரன் ஜன்னலில் கன்னத்தை ஒட்டிக் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தான். “தாத்தா, நமக்குக் கீழ என்ன இருக்கு?” என்றான்.

“நம்ம பெட்டி” என்றேன்.