கருவாடு காயுமா?

எங்கள் குடும்பத்தில் அண்ணன் மகன் லண்டனில் இருக்கிறான், அக்காள் மகள் பிரிஸ்பேனில். இரண்டு பேரும் ஒரே கிறிஸ்துமசுக்குத் திருச்செந்தூர்ப் பக்கத்து எங்கள் ஊரான ஆலந்தலைக்கு வந்துவிட்டால் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. எந்த ஊர்த் தட்பவெப்பம் மனுசன் வாழ ஏற்றது என்பதுதான் வழக்கு. நாட்டாமை நான். மின்விசிறி சுற்றாவிட்டால் ஜெபமாலையைக்கூட முழுசாகச் சொல்லி முடிக்காதவன்.

"எங்க ஊரு மிதமான ஊரு சித்தப்பா" என்று ஆரம்பிப்பான் லண்டன்காரன். ஜூலை மாதச் சராசரி 19 டிகிரி, ஜனவரியில் ஐந்தாறு. அட்லாண்டிக்கிலிருந்து மேல்காற்று வருசம் பூராவும் ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. அதனால் கொளுத்தவும் கொளுத்தாது, உறையவும் உறையாது. மழையும் நம் கூட்டணிப் பேச்சுவார்த்தை மாதிரிதான். காலையில் தொடங்கி ராத்திரி வரைக்கும் ஒரு முடிவுக்கு வராது.

பிரிஸ்பேன்காரிக்கு இந்த இழுபறி பிடிக்காது. "எங்க வானம் சொன்னா செய்யும் மாமா" என்பாள். அங்கே ஜனவரியில் பகல் 30 டிகிரி, உடம்பெல்லாம் பிசுபிசுப்பு. மத்தியானத்துக்கு மேல் கருக்கல் கூடி, இடி இடித்து, சில நாள் ஆலங்கட்டியும் விழும். குளிர்காலம் அருமையாக இருக்கும், வாசலில் நிற்கிறவரைக்கும். அந்த ஊர்ப் பழைய மரவீடுகள் கால் ஊன்றி நிற்பவை. காற்று வந்துபோகட்டும் என்று கட்டியவை. அங்கே குளிர்காலமான ஜூலை ராத்திரியில் அந்தக் காற்று வருகிறது, போகத்தான் மாட்டேன் என்கிறது.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் கோடு கிழித்தவர் கோப்பன். 1884-லேயே உலகத்தை வெப்பத்தின்படி மண்டலங்களாகப் பிரித்துப் படம் போட்டவர். செடிகொடி படித்த மனிதர் என்பதால், எங்கே எது முளைக்கும் என்பதை வைத்தே பூமியைப் பங்கு பிரித்தார். அவர் கணக்கில், வருசம் முழுக்க ஈரமுள்ள மிதமான ஊர்களில், மிகச் சூடான மாதத்தின் சராசரி 22 டிகிரிக்குள் அடங்கினால் அது லண்டன் வகை, அதற்கு மேலே போனால் பிரிஸ்பேன் வகை. ஆலந்தலைக்கு இரண்டிலும் இடமில்லை. அவர்கள் கோடைக்குப் போட்ட கோட்டை எங்கள் மார்கழியே தாண்டிவிடுகிறது.

எங்கள் அத்தைக்குக் கோப்பனைத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த அளவுகோல் கருவாடு. கழுவி உப்புப் போட்ட நெத்திலியைப் பழைய வலையில் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்புவாள். ஒரு கையில் காக்கா விரட்டும் கம்பு. வெயில் சாயும் முன் ஒரு மீனை எடுத்து ஒடித்துப் பார்ப்பாள். 'மடக்' என்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. வளைந்தால் இன்னொரு வெயில் வேண்டும். ஒரு நாள் வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்தவள் குறுக்கு விசாரணையில் இறங்கினாள்.

"ஒங்க ஊர்ல பொழுது எப்பம்லே அடையும்?"

"டிசம்பர்ல நாலு மணிக்கு முன்னாடியே ஆச்சி."

"பொறவு எங்கன கருவாடு காய?"

"துணியே ரேடியேட்டர் மேலதான் காயுது ஆச்சி. செவரெல்லாம் பூஞ்சை. அதுல நெத்திலியைப் போட்டா பக்கத்து வீட்டுக்காரன் போலீசைக் கூப்பிடுவான்."

பிரிஸ்பேன்காரி சிரித்துவிட்டாள். அடுத்த கேள்வி அவளுக்கு. காலையில் போட்டது மத்தியானம் வரை காயும், மூணு மணி மழையில் நனையும், மறுநாள் புழுக்கத்தில் புழு வைக்கும் என்று அவளே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. "ரெண்டும் என்னத்த ஊரு?" என்று அத்தை எழுந்து போய்விட்டாள்.

எங்கள் கருவாடு காய்வதற்குக் காரணம் கச்சான். மேற்கே இருந்து வரும் அந்தக் காற்று கேரளத்து மலையில் மழையையெல்லாம் கொட்டிவிட்டு, கணவாய் வழியே வெறுங்கையோடு இறங்கும். தேரிக்காட்டுச் செம்மணல் குவிந்ததும் அந்தக் காற்றால்தான். தூத்துக்குடி அளத்தில் உப்பு பூக்கவும் அது கைகொடுக்கிறது. ஆனி ஆடியில் எங்கள் வீட்டுக் குழம்பில் மணல் நெறுநெறுப்பதற்கும் அதுவே பொறுப்பு. சமையல் செய்தவரைக் குறை சொல்லக்கூடாது.

இதில் யாரும் எதிர்பார்க்காத கணக்கு ஒன்று உண்டு. எப்போதும் நனைந்தே கிடப்பதாக நாம் நினைக்கும் லண்டனில் வருசத்துக்கு மழை சுமார் 600 மில்லிமீட்டர். வறண்ட பூமி என்று பேர் வாங்கிய தூத்துக்குடிக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான். அவர்கள் பன்னிரண்டு மாதமும் சில்லறையாகச் செலவழிக்கிறார்கள். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாக வருகிறது. சில நேரம் மொத்தத்துக்கும் மேலே. 2023 டிசம்பர் 17, 18-இல் திருச்செந்தூருக்கு வடக்கே காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் கொட்டியது. லண்டனுக்கு அது ஒன்றரை வருச மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் லண்டன் தூறலை யாரும் மழைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மிதத்துக்கும் மதம் பிடிக்கும். 2022 ஜூலை 19-இல் ஹீத்ரோவில் 40.2 டிகிரி. முந்தின நாளே லூட்டன் விமான நிலையத்தின் ஓடுபாதை வெயிலில் பெயர்ந்து விமானங்கள் நின்றன. ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அண்ணன் மகன் வீடியோவில் வந்தான். "ஃபேன் போடேண்டா" என்றேன். அந்த வீட்டில் ஃபேனே கிடையாதாம்.

ஆகவே நாட்டாமை தீர்ப்பு: சம்பளத்துக்கு அவரவர் ஊர், கருவாட்டுக்கு ஆலந்தலை. காய்ந்ததை இங்கிருந்தே கட்டிக்கொண்டு போவதுதான் புத்தி. பிரிஸ்பேன் போகிறவர்கள் மட்டும் விமானத்தில் தரும் படிவத்தில் உணவுப் பொருள் இருப்பதை மறைக்காமல் எழுதிவிடுங்கள். மறைத்துப் பிடிபட்டால் ஆஸ்திரேலியாக்காரன் போடும் அபராதத்துக்கு அத்தையின் நெத்திலியை வலையோடு விற்றாலும் கட்டாது.