சலவைக் கணக்கும் அண்ணாச்சியின் லேசரும்

ஆஃப்செட் பிரஸ் வைத்துப் பிழைக்கிற ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு நாள் ஒரு சலவைக்காரிக்குப் படையல் போட வேண்டும். 1796வாக்கில் பவேரியாவில் அழுக்குத் துணி வாங்கிப் போக வந்து ஒரு வீட்டு வாசலில் நின்ற அம்மாள் அவர். உள்ளே அலோய்ஸ் செனஃபெல்டர் என்றொரு இளைஞர். அப்பா நாடக நடிகர். அப்பா போய்ச் சேர்ந்ததும் மகனின் சட்டப் படிப்பு பாதியில் நின்றது. நாடகம் எழுதினார், அச்சுப்போடக் கையில் காசில்லை. நம்ம பக்கம் இப்படி ஒருவர் இருந்தால் வடபழனிக்கு ரயிலேறி உதவி இயக்குநர் ஆகியிருப்பார். இவர் வீட்டில் உட்கார்ந்து, எழுதி அச்சுப்போடலாம் என்று சுண்ணாம்புக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா வந்து, “துணிக் கணக்கை எழுது, அவள் நிற்கிறாள்” என்கிறார். வீட்டில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. மெழுகு, சோப்பு, கரி சேர்த்துத் தானே காய்ச்சி வைத்திருந்த மையைத் தொட்டு, கையில் இருந்த கல்லிலேயே எழுதிவிட்டார். அப்புறம் கல்லின்மேல் அமிலம் ஊற்றிப் பார்த்தால், எழுத்து மட்டும் அசையாமல் நிற்கிறது. அங்கே பிடித்த நூலைக் கைவிடாமல், எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று ரசம் வைக்கிற எல்லோருக்கும் தெரிந்த உண்மையை வைத்து, இரண்டு வருஷத்தில் லித்தோ அச்சைக் கொண்டுவந்தார். கவனியுங்கள்: அம்மா சொன்னார், மகன் எழுதினான், எழுத்து நேரே கல்லில் ஏறியது. நடுவில் ஃபிலிம் இல்லை, பேஸ்டிங் இல்லை, என்னைப் போல ஓர் ஆள் இல்லை.

இருநூறு வருஷம் கழித்து அதையே சி.டி.பி., அதாவது கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளேட்டுக்கு, என்று பெயர் வைத்து எங்களுக்கு விற்க வந்தார்கள்.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல் கனமாக இருந்ததால் துத்தநாகத் தகடு வந்தது. ஒரு வேலை முடிந்ததும் தகட்டைத் தொட்டியில் போட்டு, கோலிக்குண்டுகளை உருட்டிவிட்டு, மேலே மணலும் தண்ணீரும் ஊற்றிக் குலுக்குவார்கள். பழைய சாமி படம் அழிந்து தகடு புதுச் சாமிக்குத் தயாராகும். 1904வாக்கில் அமெரிக்காவில் நியூஜெர்சிப் பக்கம் ஐரா ரூபெல் என்பவர் மெஷினுக்குத் தாள் கொடுக்கத் தவறினார். படம் ரப்பர் உருளையில் விழுந்தது. அடுத்த தாளின் முதுகில் அந்த ரப்பர் போட்ட படம், தகடு போட்டதைவிடத் தெளிவாக இருந்தது. எங்கள் பிரஸ்ஸில் தாள் கொடுக்கத் தவறினால் வசவுதான் கிடைக்கும். அவருக்கு ஆஃப்செட் கிடைத்தது.

எங்கள் ஊர் சிவகாசியில் அச்சு வந்ததும் நேர் வழியில் இல்லை. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டி இருந்தால் லேபிள் வேண்டும், பட்டாசு இருந்தால் அதற்கும் லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும். அச்சு மெஷின் சும்மா கிடக்கக் கூடாதென்று காலண்டர். இந்தியாவின் பூஜையறைகளில் பாதி எங்கள் ஊருக்குக் கடன்பட்டிருப்பது இப்படித்தான்.

இப்போது என் கதை. நான் ஃபிலிம் ஒட்டுகிறவன். அடியில் வெளிச்சம் போட்ட கண்ணாடி மேஜை, லூப்பு என்கிற ஒரு பூதக்கண்ணாடி, ஒரு பிளேடு, ஒரு டேப். நாலு கலருக்கு நாலு ஃபிலிம், அதில் கிராஸ் மார்க்கு ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். மயிரிழை விலகினால் மகாலட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். ஒட்டி முடித்ததை, வெளிச்ச மருந்து பூசியே வருகிற பி.எஸ். பிளேட்டின்மேல் வைத்து, காற்றை உறிஞ்சி, யூ.வி. விளக்கில் காட்டி, டெவலப்பர் ஊற்றிக் கழுவி, கம் பூசுவோம். நடுவில் ஒரு தூசி உட்கார்ந்தால் முருகனுக்கு மச்சம். ஒரு வருஷம் மச்சத்தோடேயே போய்விட்டது. கேட்ட கட்சிக்காரரிடம் எங்கள் பிரஸ் முதலாளி அண்ணாச்சி, “அது திருஷ்டிப் பொட்டு” என்றார்.

1991இல் சிகாகோ கண்காட்சியில் ஹைடல்பர்க்கும் பிரஸ்டெக்கும் சேர்ந்து ஒரு மெஷினைக் காட்டினார்கள். கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல, மெஷினுக்குள்ளேயே மின்பொறி பறந்து பிளேட்டில் படத்தைப் பொறித்தது. ஃபிலிமுக்கு அன்றைக்கே சங்கு ஊதிவிட்டார்கள். பொறி பறப்பதற்கு எங்கள் ஊர்க்காரன் அசருவானா? ஆனால் அப்புறம் லேசர் வந்தது, 1995இல் ஜெர்மனி ட்ரூபா கண்காட்சி முழுக்க அதே பேச்சு. அந்தப் பேச்சு எங்கள் தெருவுக்கு நடந்து வந்துசேர 2012 ஆகிவிட்டது.

தமிழ்நாடே இருட்டில் கிடந்த வருஷம் அது. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிட வேண்டும், கரண்டோ வந்ததே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, “தம்பி, சி.டி.பி. வாங்கலாம்னு இருக்கேன். நீதான் இங்கிலீஷ் வாசிப்பியே, கூட இரு” என்றார். என் வேலையைத் தின்னப்போகிற மெஷினுக்கு நானே ஜாதகம் பார்த்தேன்.

மெஷின் விற்க மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருமே நன்றாகப் பிளேடு போட்டார்கள், பிளேட் பிறகு.

முதலாமவர் தெர்மல். “830 நானோமீட்டர் சார். பிளேட்டுக்கு வெளிச்சம் கணக்கே இல்லை, சூடுதான். பட்டப்பகலில் ட்யூப்லைட்டில் வைத்துக் கையாளலாம். புள்ளி என்றால் புள்ளி, அரைகுறையே கிடையாது.” அண்ணாச்சி ஒன்றுதான் கேட்டார்: “லேசர் ஹெட் போனா?” அவர் ஒரு தொகை சொன்னார். அண்ணாச்சி தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, “இது தலை போற காரியம்லா” என்றார்.

இரண்டாமவர் வயலட். ப்ளூ-ரே டிஸ்க் படிக்கிற லேசரின் பங்காளி, 405 நானோமீட்டர், விலை குறைவு. ஆனால் பிளேட்டுக்குக் கண் கூசும். மஞ்சள் விளக்குப் போட்ட அறையில்தான் பிரிக்க வேண்டும். “மஞ்சள் விளக்குலயா? நிறம் எப்படிய்யா பாக்குறது? பச்சை மயிலா நீல மயிலான்னு தெரியாதே” என்றார் அண்ணாச்சி. அங்கே யாரும் நிறம் பார்க்கப் போவதில்லை, பிளேட் போடத்தான் போகிறோம் என்று நான் விளக்கினேன். கேட்டுக்கொண்டார், ஆனால் மஞ்சளுக்கு மனசு வரவில்லை.

மூன்றாமவர் யூ.வி. அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பழைய பி.எஸ். பிளேட்டையே கேட்டு வாங்கி மேஜைமேல் வைத்து, “இதையே போடலாம்” என்றார். பட்டறையில் சத்தம் நின்றது. மெஷின் ஒரு தடவை வாங்குவது, பிளேட் தினம் வாங்குவது. தெர்மலுக்கும் வயலட்டுக்கும் தனிப் பிளேட், தனி விலை, அதுவும் விற்பவர் சொல்கிற விலை. குதிரையைச் சும்மா கொடுத்துவிட்டுக் கொள்ளில் பிடித்துக்கொள்வார்கள். அண்ணாச்சிக்கு எட்டாம் வகுப்புக் கணக்குதான், ஆனால் கொள்ளுக் கணக்கில் டாக்டர் பட்டம். வேகம் கொஞ்சம் குறையும் என்று நான் முனகினேன். “கரண்டே இல்லாத ஊர்ல எதுக்குலே வேகம்?” என்றார்.

கடைசியாக ஒரு கேள்வி: “மெஷின் படுத்தா ஆள் எங்கிருந்து வருவான்?” முதல் இருவர் சென்னை, மூன்றாமவர் மதுரை. மதுரை ஆள் மதியச் சாப்பாட்டுக்குள் வந்துவிடுவான். கல்யாணம் முடிவானது.

யூ.பி.எஸ். வாங்கினது, ஏசி மாட்டினது, கழுவுகிற தண்ணீருக்கு ஆர்.ஓ. போட்டது எல்லாம் சேர்த்தால் இன்னொரு மெஷின் வரும். அந்தக் கணக்கை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மெஷினுக்குச் சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழத்தை நாலு காலுக்கும் அடியில் வைத்து நசுக்கினோம். என் கண்ணாடி மேஜை மாடிப்படிக்கு அடியில் போனது.

முதல் வேலை தினசரிக் காலண்டர். பிளேட் கண்ணாடி மாதிரி வந்தது, தூசி இல்லை, மச்சம் இல்லை. நான் பழக்க தோஷத்தில் லூப்பை வைத்துப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக அழகு. தேதி மட்டும், 17க்கு அப்புறம் மறுபடியும் 17.

டிசைனர் பையனின் செல்போன் அணைத்துக் கிடந்தது. கட்சிக்காரர் வாசலில் நின்றார். அண்ணாச்சி என்னைப் பார்த்து, “பிளேடை எடு. ஒரு எட்டை வெட்டி ஒட்டு” என்றார்.

“எதுல ஒட்டுறது அண்ணாச்சி? ஃபிலிம் இல்லையே. பிளேட்ல இருக்குறத அழிக்கத்தான் நம்மகிட்ட பேனா இருக்கு. இல்லாதத எழுத முடியாது.”

செனஃபெல்டரின் அம்மா மட்டும், “துண்டு மூணு இல்லடா, நாலு” என்றிருந்தால் அவர் கல்லிலேயே ஒரு கோடு கூடப் போட்டிருப்பார்.

அண்ணாச்சி மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எலுமிச்சம்பழத்தைக் காலால் ஒதுக்கினார். “மூணு பேர் வந்தானே, ஒருத்தனாவது இதச் சொன்னானா?” என்றார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. யூ.பி.எஸ். மட்டும் விசுவாசமாக முனகிக்கொண்டிருந்தது.

நான் மாடிப்படிக்கு அடியில் போய் என் மேஜையில் தூசி தட்டினேன்.