மூன்று டாலரும் ஒரு கோடும்

ஸ்கார்பரோ, கனடா

அன்புள்ள அக்காவுக்கு,

நீ, மாமா, ஆசிரமத்து மயில்கள், உன் மொட்டைமாடி வடகத்தைத் தூக்கும் குரங்குகள் யாவரும் நலமா?

உன் மருமகனுக்குப் பள்ளிக்கூடத்தில் புதுக் கஷ்டம். 'நீ எந்த விதத்தில் மற்றவர்களைப் போல இல்லை, வந்து சொல்லு' என்று வீட்டுப்பாடம்! அதற்கு முன்னோட்டமாக டீச்சர் ஒரு கதை வாசித்தாராம். ஜோர்டான் ராணி ரானியா இன்னொருவரோடு சேர்ந்து 2010இல் எழுதியது. சல்மா கொண்டுவரும் ரொட்டியில் கொண்டைக்கடலை மசியல், லில்லி ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய். உன்னுது அசிங்கம், என்னுது உசத்தி என்று சண்டை முற்றிச் சாப்பாடெல்லாம் பறக்கிறது. கடைசியில் மாற்றிச் சாப்பிட்டு ராசியாகிறார்கள்.

கதை நல்ல கதைதான். ஆனால் ஒவ்வாமைக்குப் பயந்து இங்கே பல பள்ளிகளில் வேர்க்கடலையை உள்ளேயே விடுவதில்லை. கஞ்சாவுக்கு 2018இலேயே அனுமதி கொடுத்த நாடு, மல்லாட்டைச் சட்னிக்குக் கெடுபிடி பண்ணுகிறது. நம் ஊர்ச் சாமியார்கள் காதில் போட்டுவிடாதே, விசா கேட்பார்கள்.

வீட்டுப்பாடத்துக்கு இட்லியைச் சொல்லலாம் என்றிருந்தான் பையன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் முந்திக்கொண்டார்கள். தலைப்பாகையைப் பஞ்சாபிப் பையன் எடுத்துக்கொண்டான். "அப்பா, நான் மட்டும்தான் எல்லாரையும் மாதிரி இருக்கேன்" என்று ஒரே அழுகை. செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர் வேட்டி கட்டி, வெறுங்காலோடு இளநீருக்குப் பேரம் பேசினால்கூடத் திரும்பிப் பார்க்காத தெருவில் வளர்ந்தவன் நான். இந்த அழுகைக்கு என்ன மருந்து கொடுப்பேன்?

ரமண பகவானைத்தான் கொடுத்தேன். மதுரையில் அமெரிக்க மிஷன் பள்ளியில் படித்த வெங்கட்ராமன். பந்து விளையாட்டில் சூரர். தூங்கினால் இடி விழுந்தாலும் எழமாட்டார். விழித்திருக்கும்போது தொடப் பயந்த பையன்கள், தூங்கும்போது தூக்கிப் போய் மொத்திவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து போடுவார்களாம். 1896இல் ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதும்படி தண்டனை. இரண்டு தடவை எழுதியவர், மூன்றாவதைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தார். அண்ணன் திட்டினார். அண்ணனின் காலேஜ் சம்பளம் ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டையும் ஒரு சீட்டையும் வைத்துவிட்டு நம் ஊர் திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். சீட்டில் கையெழுத்துக்குப் பதில் வெறும் கோடு. வயது பதினாறு.

வகுப்பில் பிரமாதமாக எடுபட்டதாம், முக்கியமாகத் தூக்கத்தில் அடி வாங்கிய இடம். "அம்மா தேடலையா?" என்று ஒரு பெண் கேட்டாளாம். "தேடி வந்தாங்க, அவர் திரும்பிப் போகலை. அப்புறம் அம்மாவே அங்க வந்து தங்கிட்டாங்க. அவங்க சமாதியிலதான் ஆசிரமமே வந்துச்சு" என்றானாம் நம் ஆள். அன்று மாலையே டீச்சர் போன். வீட்டில் எல்லாம் சுமுகம்தானே, பையன் எங்கேயாவது போவதாகச் சொல்கிறானா என்று மெல்ல விசாரித்தார். நான் சிரித்தேன்.

சனிக்கிழமை அவன் உண்டியலில் மூன்று டாலர் குறைந்திருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு: 'நல்ல காரியத்துக்குப் போறேன். தேட வேண்டாம்.' கீழே கோடு. மூலைக்கடையில் டோனட்டும் கையுமாகப் பிடித்தோம். உன் தம்பி மனைவி இதற்கெல்லாம் நம் ஊர்த் தண்ணியே காரணம் என்கிறாள்.

கார்த்திகை தீபத்துக்கு வருகிறோம். பள்ளிக்கு லீவு லெட்டர் கொடுத்தாயிற்று. 'தென்னிந்தியாவில் குடும்ப விசேஷம்' என்று எழுதியிருக்கிறேன். ஊர்ப் பெயரை மட்டும் போடவில்லை.

உன் தம்பி