பெல்ஜிய நிலத்தில் வாஃபிளும் ஃப்ரைஸும்: ஓர் அளவையியல் ஆராய்ச்சி

ஐரோப்பா போய்வந்தவர்கள் தமிழில் எழுதிவைத்த பக்கங்களில் தேவாலயங்களுக்குக் குறைவில்லை. ரயில் நேரத்துக்கு வந்ததையும் தெருவில் குப்பை இல்லாததையும் போதுமான அளவு வியந்தாகிவிட்டது. பசித்த பயணி ஒருவர் புரூசல்ஸ் தெருமுனையில் நின்று, வரிசையாக இருக்கும் வாஃபிள் கடைகளில் எதன் முன்னால் போய் நிற்பது என்று தீர்மானிக்கும் முறைக்கு மட்டும் இன்னும் சாத்திரம் செய்யப்படவில்லை. அக்குறையை நீக்குவதே இந்த ஆராய்ச்சியின் பயன். கையில் சில்லறையும் வயிற்றில் இடமும் உள்ளவர் இதைக் கற்க அதிகாரி. ஏற்கெனவே ஓட்டலில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தவர் அதிகாரி ஆகார்.

நிலமும் பொழுதும்

எல்லை கட்டாமல் ஆய்வைத் தொடங்குவது மரபன்று. வாஃபிள் நார்வேயிலும் உண்டு. அங்கே இதய வடிவ இதழ்களாக வார்த்து, பழுப்பு நிறப் பாலாடைக்கட்டியைச் சீவி மேலே வைப்பார்கள். நெதர்லாந்தின் கௌடா நகரத்து ஸ்ட்ரூப்வாஃபிள், இரண்டு மெல்லிய வில்லைகளுக்கு நடுவில் பாகு தடவியது. இரண்டும் மரியாதைக்குரியவை, இருந்தாலும் இங்கே விலக்கப்படுகின்றன. வாஃபிளும் ஃப்ரைஸும் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக நிற்கும் நிலம் பெல்ஜியம் என்பதால் ஆய்வு அங்கேயே தங்கும். கடைசியில் ஒரே ஒரு காரணத்துக்காக எல்லை தாண்டும்.

வாஃபிளுக்குரிய பொழுது எற்பாடு. ஃப்ரைஸுக்கு எந்தப் பொழுதும் பொருந்தும். ஆனால் யாமத்தில், மதுக்கடைகள் மூடிய பிறகுதான் அது சிறக்கும். கருப்பொருள்கள்: பிண்ட்யே உருளைக்கிழங்கு, மாட்டுக் கொழுப்பு, முத்துச் சர்க்கரை, கூம்புக் காகிதம், இரண்டே பல் கொண்ட குட்டி முள்கரண்டி. புள்ளும் சொல்லியாக வேண்டும் என்பதால், புறா. வரிசையில் நிற்பது இருத்தல். எந்த சாஸ் என்று உடன் வந்தவரோடு முகம் சுளிப்பது ஊடல். கூம்பின் அடியில் விரல் தட்டுப்படும் கணம் இரங்கல். ஆஸ்டெண்ட் கடற்கரையில் நின்று தின்பவருக்கு நெய்தலின் நிலமும் ஒழுக்கமும் ஒருசேர அமையும். அங்கே கடற்பறவைகள் கூம்பையே குறிவைத்து இறங்குவதால் இரங்கல் சற்று முன்கூட்டியே வந்துவிடும்.

இல்பொருள் ஒன்று

வகைப்பாட்டில் முதலில் களைய வேண்டிய மயக்கம், ‘பெல்ஜிய வாஃபிள்’ என்ற பண்டம். அப்படி ஒன்று பெல்ஜியத்தில் இல்லை. அங்கே இருப்பவை புரூசல்ஸ் வாஃபிளும் லியேஜ் வாஃபிளும்; மற்றவை கிளை வகைகள். புரூசல்ஸ் வாஃபிள் நீள்சதுரம், வழக்கமாக இருபது குழிகள், ஓரம் அளவெடுத்து வெட்டியது போல நேராக இருக்கும். ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த மாவுக் கரைசலில், அடித்து நுரைத்த முட்டை வெள்ளையைச் சேர்த்து வார்ப்பதால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே காற்று. இரும்பு அச்சிலிருந்து எடுத்த சில நிமிடங்களில் தின்றுவிட வேண்டும். தாமதித்தால் நமத்த அப்பளம்தான். மேலே பொடித்த சர்க்கரை தூவுவதோடு மரபு முடிகிறது.

லியேஜ் வாஃபிள் கரைசல் அல்ல. வெண்ணெய் தாராளமாகச் சேர்த்துப் பிசைந்த மாவு. அதற்குள் முத்துச் சர்க்கரைக் கட்டிகள் ஒளிந்திருக்கும். அச்சில் படும் கட்டிகள் உருகிக் கருகல் பாகாக மேலே ஒட்டிக்கொள்ளும். உள்ளே மாட்டியவை பல்லில் நறநறக்கும். ஓரம் கோணல்மாணலாக இருப்பதே அதன் இலக்கணம். காகிதத்தில் சுற்றி, நடந்துகொண்டே தின்பது. லியேஜை ஆண்ட இளவரசர்–ஆயர் ஒருவரின் சமையற்காரர் பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. கதை என்ற அளவில் அதை ஏற்கிறோம். சர்க்கரையைக் கட்டி கட்டியாகச் செலவழிக்க அன்று ஆயர் அளவுக்கு வசதி வேண்டும் என்பது மட்டும் அதில் நம்பத்தக்கது.

பிறகு இல்பொருளுக்குப் பெயர் வந்தது எப்படி? 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் மொரிஸ் வெர்மெர்ஷ் என்ற பெல்ஜியர் புரூசல்ஸ் வாஃபிளை விற்க வந்தார். புரூசல்ஸ் எங்கே இருக்கிறது என்று அமெரிக்கர்களுக்குத் தெரியவில்லை. நாட்டின் பெயரைச் சூட்டினார், க்ரீமையும் ஸ்ட்ராபெர்ரியையும் ஏற்றினார், அமோகமாக விற்றது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே சியாட்டில் கண்காட்சியில் இந்த வாஃபிள் அறிமுகமாகியிருந்தாலும், நியூயார்க்கில்தான் புகழ் பெற்றது. புவியியல் அறியாமைக்குச் செய்த சமாதானம் ஒரு பண்டமாகிக் கடல் கடந்து போய், இன்று க்ரீம் மலையோடு புரூசல்ஸுக்கே திரும்பிவந்து, பயணிகளுக்காகக் காத்திருக்கிறது.

வாஃபிளின் தொன்மைக்குச் சான்று வேண்டுவோர் பீட்டர் புரூகல் 1559-இல் தீட்டிய ‘திருவிழாவுக்கும் தவக்காலத்துக்கும் இடையிலான சண்டை’ ஓவியத்தைப் பார்க்கலாம். தலையில் வாஃபிள்களைக் கட்டிக்கொண்ட ஒருவன் அதில் பகடை ஆடுகிறான். பக்கத்தில் நெருப்பருகே ஒருத்தி வாஃபிள் சுட்டுக்கொண்டிருக்கிறாள். ஓவியத்தில் எங்கும் க்ரீம் இல்லை என்பதை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

உரை அளவை

பொருளை அறியும் வழிகள் காட்சி, கருதல், உரை என மூன்று. பயணிகள் பெரிதும் நம்புவது உரையை. அதாவது பிறர் சொன்னதை. ஓட்டல் வரவேற்பு மேசையில் இருப்பவர் சொன்னது, நட்சத்திரக் குறி, போன வருடம் போய்வந்த மைத்துனர் சொன்னது எல்லாம் இதில் அடங்கும். உரை செல்லுபடியாக வேண்டுமானால் சொன்னவர் ஆப்தராக, அதாவது அந்தப் பொருளில் தமக்கென்று லாபம் இல்லாதவராக இருக்க வேண்டும். மைத்துனருக்குத் தம் தேர்வு சரியென்று நிறுவுவதில் லாபம் இருப்பதால் அவர் ஆப்தர் அல்லர்.

உயர்மட்டத்திலும் இச்சிக்கல் உண்டு. புரூசல்ஸில் ஜோர்டான் சதுக்கத்தில் 1948 முதல் இயங்கும் ‘மேஸோன் ஆந்த்வான்’ என்ற ஃப்ரைஸ் கடைக்கு 2016 பிப்ரவரியில் ஜெர்மனி அதிபர் அங்கேலா மெர்கல் வந்து வாங்கித் தின்றார். ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டனைத் தக்கவைப்பதற்கான உச்சி மாநாடு இழுத்துக்கொண்டே போன இடைவேளை அது. அவர் ஆப்தரா? மணிக்கணக்காகப் பேசிக் களைத்த வயிறு நடுநிலையானது என்று எந்தத் தருக்க நூலும் கொள்ளாது. ஆனால் முடிவைப் பாருங்கள்: அந்த மாநாட்டில் எட்டிய ஒப்பந்தம் சில மாதங்களில் செல்லாமல் போயிற்று, கடை இருக்கிறது. சதுக்கத்தைச் சுற்றியுள்ள மதுக்கடைகள் ஃப்ரைஸ் கூம்போடு வருபவர்களை உள்ளே உட்கார அனுமதிக்கின்றன. போட்டிக் கடைக்காரர் தன் நாற்காலியைத் தருவது, எந்த அதிபரின் சாட்சியத்தையும்விட வலுவான உரை.

பரபக்கம்: நமூர் மீனவர் கொள்கை

பெல்ஜியத்தில் ஃப்ரைஸ் வாங்கி நிற்கும்போது, இது பிரான்ஸிலிருந்து வந்ததுதானே என்று வாய்விட்டால் பக்கத்தில் நிற்பவர் மியூஸ் ஆற்றுக் கதையைச் சொல்வார். நமூர் பகுதி ஏழைகள் ஆற்றில் பொடிமீன் பிடித்து வறுத்துத் தின்பார்கள், குளிர்காலத்தில் ஆறு உறைந்தபோது உருளைக்கிழங்கை மீன் வடிவில் நறுக்கி அதே எண்ணெயில் போட்டார்கள், காலம் 1680. இதை எழுதியவர் ஜோ ஜெரார் என்ற பத்திரிகையாளர். ஆதாரம், குடும்பத்தார் வசம் இருந்ததாக அவர் சொன்ன 1781-ஆம் ஆண்டுக் கைப்பிரதி. குடும்பப் பெட்டியிலிருந்து ஏடு கிளம்பி வருவது நம் ஊர் ஆய்வுலகுக்கும் பழக்கமான நிகழ்ச்சி என்பதால் நாம் சற்றும் திடுக்கிடவில்லை.

இதை மறுப்பவர் பெல்ஜியத்துக்காரரேயான உணவு வரலாற்றாசிரியர் பியர் லெக்லெர். அப்பகுதிக்கு உருளைக்கிழங்கு வந்ததே 1735 வாக்கில்தான் என்கிறார். வராத கிழங்கை நறுக்கவே முடியாது. அவருடைய இரண்டாவது ஏது இன்னும் கூர்மை: கொழுப்பு அன்று விலை மிகுந்த சரக்கு. ரொட்டியில் தடவவே பற்றாதபோது, ஏழை வீட்டில் யார் சட்டி நிறையக் காய்ச்சி முக்கிப் பொரிப்பார்கள்? பாரிஸில் தொழில் கற்று 1840-களில் பெல்ஜியத்துச் சந்தைகளில் ஃப்ரைஸ் கடை போட்ட, ‘ஃப்ரிட்ஸ்’ என்று பெயர் பெற்ற பவேரியாக்காரர் ஃபிரெடெரிக் க்ரீகரைத்தான் அவர் முன்னோடியாகக் காட்டுகிறார். லெக்லெர் கட்சியே வெல்கிறது. ஆனாலும் ஃப்ரைஸ் கையில் இருக்கும்வரை பயணி நமூர் கொள்கைக்குத் தலையாட்டுவதே முறை. சாஸ் கூடுதலாக விழும்.

காட்சி அளவை

வாஃபிள் கடையில் கண்ணால் காண வேண்டியவை இரண்டு. கண்ணாடிக்குப் பின்னால் ஆறிப்போன வாஃபிள்கள் அடுக்கியிருந்தால், அவை சுட்ட நேரம் கடைக்காரருக்கே மறந்திருக்கும். அடுத்து, மேற்கட்டுமானம். சிறுநீர் கழிக்கும் சிறுவன் சிலையைச் சுற்றியுள்ள தெருக்களில் வாழைப்பழம், ஸ்ட்ராபெர்ரி, சாக்லேட் குழம்பு, க்ரீம், அதன் உச்சியில் ஒரு பிஸ்கட் என்று கோபுரம் எழுப்பி ஜன்னலில் வைத்திருப்பார்கள். பலகையில் எழுதிய மலிவு விலை வெறும் அடித்தளத்துக்கு மட்டும். மேலே ஒவ்வொரு நிலைக்கும் தனிக் கட்டணம். இதிலிருந்து நாம் வகுக்கும் விதி: மேலே ஏற ஏற, கீழே இறங்கும். நல்ல வாஃபிளை மூட எவருக்கும் மனம் வராது. 1829-இல் தொடங்கிய தாந்துவா போன்ற பழைய கடைகளிலும் க்ரீம் கேட்டால் தருவார்கள்தான். கேட்காமலிருப்பது வாங்குபவரின் தவம்.

ஃப்ரைஸில் காண வேண்டியது ஓய்வு. முதலில் 150 பாகை செல்சியஸ் அளவில் வேகவைத்து எடுக்க வேண்டும், ஆறவிட வேண்டும், கேட்பவர் வந்ததும் 180 பாகைக்குப் பக்கத்தில் மறுபடி பொரிக்க வேண்டும். முதல் பொரிப்பில் உள்ளே மாவாகிறது, இரண்டாவதில் வெளியே தோல் கட்டுகிறது. ஆகவே அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் வெளிறிய ஃப்ரைஸ் குவியல் ஒன்று சும்மா கிடந்தால், அந்தக் கடையை நம்பலாம். கிழங்கு மூட்டை கண்ணில் பட்டால் இன்னும் நல்லது. பிண்ட்யே என்ற பழம்பெரும் ரகத்தை உருவாக்கியவர் டச்சுப் பள்ளி ஆசிரியர் ஒருவர். 1905 வாக்கில் தம் மாணவி ஒருத்தியின் பெயரைக் கிழங்குக்குச் சூட்டினார். பனிக்கட்டிப் பொட்டலம் கண்ணில் பட்டால் நகர்ந்துவிடலாம். உறைந்த ஃப்ரைஸ் ஏற்றுமதியில் உலகிலேயே முதலிடம் பெல்ஜியத்துக்குத்தான்; எனவே ‘பெல்ஜியத்தில் நிற்கிறேன், ஆதலால் நல்லது’ என்ற அனுமானம் செல்லாது.

கருதல் அளவை

புகையைக் கண்டு நெருப்பை அறிவது தருக்க நூலார் வழி. புரூசல்ஸ் மெட்ரோ நிலையங்களில் புகை இல்லை, சர்க்கரை கருகும் வாசனை உண்டு. அது லியேஜ் வாஃபிளின் இருப்பை நிறுவும், தரத்தை நிறுவாது. வாசனையை நம்பிக் கெட்டவர் பலர்.

நீண்ட வரிசையைக் கண்டு நல்ல கடை என்று கருதுவது இன்னொரு போலி ஏது. வரிசை வரிசையையே ஈன்றுகொண்டிருக்கலாம். கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்தவர்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு மற்றவர்கள் வருவார்கள். சரியான ஏது வரிசையின் நீளம் அல்ல, அதிலுள்ளோர் கண். விலைப்பலகையை அண்ணாந்து பார்க்காமல், முறை வந்ததும் இரண்டே சொல்லில் கேட்டுவிட்டு நகர்பவர்கள் பாதிக்கு மேல் இருந்தால் அது உள்ளூர்க் கடை. உணவைவிடக் கேமரா உயரத் தூக்கப்பட்டிருந்தால் அது வேறு.

சாஸ் இயல்

மயோனைஸ் விஷயத்தில் பெல்ஜியம் விளையாடாது. 1955-இல் வந்த அரசாணை அதில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பும் 7.5 சதவீதம் முட்டை மஞ்சட்கருவும் இருக்க வேண்டும் என்றது. 2010 தேர்தலுக்குப் பின் 541 நாள் முழு அதிகாரமுள்ள அரசாங்கம் அமையாமல் காலம் தள்ளிய நாடும் இதுதான். 249-ஆவது நாளில், 2011 பிப்ரவரி 17 அன்று, உலகச் சாதனை முறிந்தது என்று மக்கள் தெருவில் இலவச ஃப்ரைஸ் வழங்கிக் கொண்டாடினார்கள். அமைச்சரவை இல்லாமல் ஒரு நாட்டை நடத்தலாம் என்பது அப்போது நிரூபணமாயிற்று. அடுப்பை யாரும் அணைக்கவில்லை என்பதைக் கவனிக்க. 2017-இல் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருளைக் குறைக்க ஐரோப்பிய ஆணையம் விதி கொண்டுவந்தபோதோ, எங்கள் ஃப்ரைஸில் கைவைக்கிறார்கள் என்று பிளாண்டர்ஸ் சுற்றுலா அமைச்சரே கிளம்பிவிட்டார். தடை ஏதும் இல்லை என்று ஆணையம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

சாஸ்களில் ஆந்தலூஸ் தக்காளியும் குடைமிளகாயும் கலந்த சாந்தம். சாமுராய் உறைப்பு என்பார்கள். நம் நாக்குக்கு அது தலைப்பு மட்டுமே. அளவில் சிறியதையே கேட்க வேண்டும். சிறியதே இரண்டு பேருக்குக் காணும்.

சைவர்க்கு ஒரு புறனடை

எல்லை தாண்டும் காரணம் இதுதான். பெல்ஜியத்தில் மரபான பொரிகொழுப்பு மாட்டுக் கொழுப்பு. அசைவம் தொடாத தமிழ்ப் பயணி உருளைக்கிழங்குதானே என்று நம்பி வாயில் போடுவது இந்த இடத்தில்தான். தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் உண்டு. வெளியே நின்று கண்டுபிடிக்க முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். நெதர்லாந்துப் பக்கம் போனால் தாவர எண்ணெய் பரவலாகக் கிடைக்கும். ஆனால் அங்கே ‘போர்’ என்று பெயரிட்டு மயோனைஸ், நிலக்கடலை சாஸ், பச்சை வெங்காயம் மூன்றையும் ஃப்ரைஸ் மேல் கொட்டுவார்கள், எச்சரிக்கை. முட்டையும் கூடாதென்பவருக்கு மயோனைஸ் போயிற்று, இருவகை வாஃபிளும் போயிற்று. உப்புத் தூவிய ஃப்ரைஸ் மிச்சம். எந்த எண்ணெய் என்று கேட்கும்போது கடைக்காரர் முகத்தைப் பார்ப்பது நல்லது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விடை சொன்னால் அடுத்த கடைக்குப் போக வேண்டும். சற்றுக் கூச்சத்தோடு, மன்னிப்புக் கேட்கும் குரலில், தாவர எண்ணெய்தான் என்றால் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.