புண்ணுக்கு அரசாணை படிக்கத் தெரியாது

'நம்மைக் காக்கும் 48' திட்டத்தை 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிவைத்தார்கள். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் அரசு செலவில் சிகிச்சை. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஒரே சங்கடம், புண்ணுக்கு அரசாணை படிக்கத் தெரியாது. அது சாவகாசமாக மூன்றாம் நாள், ஐந்தாம் நாள்தான் சீழ் வைக்கும்.

மாமல்லபுரம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடக்கும்போது பைக் மோதி விழுந்த ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். எழுபது வயது, சர்க்கரை வேறு. காலில் பிளேட் வைத்தாயிற்று, டாக்டர் அடுத்த கேஸுக்குப் போயாயிற்று. இனி அந்தக் கால் சிஸ்டர் கையில். ஒட்டிப்போன துணியைச் சலைன் விட்டு ஊறவைத்து உரிக்க வேண்டும். சீழின் நிறம், வாடை பார்க்க வேண்டும். சுத்தம் செய்து மறுபடி கட்ட வேண்டும். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் முதுகில் இன்னொரு புண் இலவசம். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகுமுன் கை கழுவியாக வேண்டும்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். படிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. நாற்பது கட்டிலுக்கு ஒரு சிஸ்டர் நிற்கிறார் என்றால், ஆளுக்குக் கால் மணி நேரம் வைத்தாலும் டிரெஸ்ஸிங் மட்டுமே பத்து மணி நேரம். ஊசி, மாத்திரை, ரிஜிஸ்டர் எல்லாம் அவர் தூக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். அதனால்தான் வார்டில் முதல் கேள்வியே "கூட யாரும்மா இருக்கீங்க?" என்பது. அன்றைய கூலியை விட்டுவிட்டுக் கட்டிலுக்கடியில் பாய் போட்டிருக்கும் மருமகள்தான் அரசு கண்டுபிடித்த செலவில்லாத நர்ஸ்.

கூடுதல் சிஸ்டர் போடக் காசில்லையா? 2022-ல் மாமல்லபுரம் பக்கத்துப் பூஞ்சேரியில் நடந்த செஸ் ஒலிம்பியாடுக்கு 92 கோடி ரூபாய் ஒதுக்கினோம். நான்கே மாதத்தில் எல்லா ஏற்பாடும் முடித்தோம். போட்டிச் சின்னமான குதிரைக்கு வேட்டி கட்டி 'தம்பி' என்று பேரும் வைத்தோம். 2015-ல் தேர்வெழுதி வந்த செவிலியருக்கு வைத்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற வாக்கு. அந்த வாக்கை ஞாபகப்படுத்த 2017 நவம்பரில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார வேண்டியிருந்தது. கொரோனா கதை இன்னும் ஜோர். 2020 மே 3-ல் நன்றி சொல்ல ஆஸ்பத்திரிகள் மேல் ஹெலிகாப்டரில் பூத்தூவினார்கள். அந்தக் கொரோனாவுக்கென்று எடுத்த செவிலியரில் சுமார் 2,400 பேருக்கு 2022 டிசம்பர் 31-ஓடு ஒப்பந்தம் முடிந்தது என்று கதவைக் காட்டினார்கள். பூவுக்கு மட்டும் ரசீது கேட்கவில்லை, பெருந்தன்மை!

அடுத்த முறை டிரெஸ்ஸிங் தாமதமானால் சிஸ்டர்மேல் பாயாதீர்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரை வாசலில் நிறுத்துங்கள். நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் செவிலியர் காலியிடம் எத்தனை, என்றைக்கு நிரப்புவீர்கள், நிரந்தரமா ஒப்பந்தமா என்று கேளுங்கள். பதில் வரும்வரை ஆரத்தித் தட்டை எடுக்காதீர்கள்.