சோம்பு வாசனை தெரிந்தவர்கள்

1981 பிப்ரவரியில் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் வட்டாரத்தில், மாமோர் தோட்டத்துச் செம்பனைகளின் நடுவே ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து வந்த வண்டு. உடல் நீளம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். விரைவிலேயே அது தீபகற்ப மலேசியாவின் செம்பனைக் காடுகள் எங்கும் பரவிவிட்டது. பரவிய இடத்திலெல்லாம் காய்ப்பிடிப்பு கூடியது, எண்ணெய் கூடியது, என் அம்மாவைப் போன்றவர்கள் செய்துவந்த வேலை ஒன்று அடியோடு நின்றுபோனது.

செம்பனையில் ஆண் பூங்குலை வேறு, பெண் பூங்குலை வேறு. ஒரே மரத்தில் இரண்டும் வந்தாலும் ஒரே காலத்தில் வருவது அரிது. ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்துப் பெண் பூவைப் போய்ச் சேர வேண்டும். காற்றுதான் அதைக் கொண்டு சேர்க்கிறது என்று அப்போது நம்பினார்கள். இளம் மரங்களில் ஆண் பூ குறைவு, மழையும் ஓயாது, காய் சரியாகப் பிடிக்காது. அதனால் மகரந்தத்தைச் சேகரித்து, டால்கம் பவுடரோடு கலந்து, பெண் பூக்களின் மேல் தூவுவதற்கு ஆள் வைத்தார்கள். எங்கள் தோட்டத்தில் அந்த வேலைக்குப் போனவர்கள் பெண்கள். பெண் பூ மகரந்தத்தை ஏற்கும் காலம் இரண்டு, மூன்று நாள்தான். தவறினால் அந்தக் குலை வீண். ஆகவே போன நிரைக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டும். மட்டை முள் கையெல்லாம் கீறும். வெட்டிப்போட்ட மட்டைக் குவியலில் நாகம் படுத்திருக்கும்.

செம்பனைப் பூவுக்குச் சோம்பு வாசனை. அம்மா வேலை முடிந்து வரும்போது சேலையிலும் தலைத்துண்டிலும் அந்த மணம் ஏறியிருக்கும். எந்த நிரையில் பூ விரிந்திருக்கிறது என்பதைக் கண்ணில் படும் முன்பே சொல்லிவிடுவார். "வாசம் வருதுடா, அந்தப் பக்கம் ரெண்டு மரம் பூத்திருக்கு" என்பார். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

கேமரூனில் இருந்த யூனிலீவர் தோட்டங்களில் கையால் தூவாமலேயே குலை நிறையக் காய்ப்பதைக் கண்டவர் லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்டத்துறை அதிகாரி. பூக்களில் மொய்க்கும் பூச்சிகள்மேல் அவருக்குச் சந்தேகம் விழுந்தது. பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் அதை ஆராய்ந்து, செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது காற்றைவிடப் பூச்சிகளே என்று நிறுவினார். இந்த வண்டு ஆண் பூவில் முட்டையிட்டு, அங்கேயே தின்று வளர்கிறது. பெண் பூவும் அவ்வப்போது அதே வாசனையைப் பரப்ப, உடம்பில் மகரந்தத்தோடு அதையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிறது. என் அம்மா எந்த வாசனையைப் பிடித்து நடந்தாரோ, அதே வாசனையைப் பிடித்துத்தான் வண்டும் பறக்கிறது. வேறு பயிர்களை அது தின்னாது என்று சோதித்து உறுதிசெய்த பிறகே இங்கு விட்டார்கள். முறையாகச் செய்யப்பட்ட அருமையான ஆராய்ச்சி அது. அதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதைதான் பெருகுகிறது.

ஆனால் எங்கள் தோட்டத்தில் அந்தப் பெண்களிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. ஒருநாள் காலைப் பெரட்டில், தூவுகிற வேலை இனி இல்லை, உதிரிப்பழம் பொறுக்கப் போங்கள் என்றார்கள். அவ்வளவுதான். முள்ளிலிருந்து கை தப்பியது என்று அம்மாவுக்கு நிம்மதியும் இருந்தது, குனிந்து குனிந்து இடுப்பு போனது என்ற வருத்தமும் இருந்தது. வண்டைப் பற்றி அவருக்கு நான்தான் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "எங்களக் கேட்டிருந்தா வாசத்தப் பத்தி நாங்களே சொல்லியிருப்போமே" என்றார்.

ஆராய்ச்சி என்பது அந்தக் காலத்தில் எங்களுக்கு வெளியிலிருந்து வருவது. காரில் இரண்டு பேர் வருவார்கள். மரங்களில் சாயத்தால் எண் போடுவார்கள், நாடா பிடித்து அளப்பார்கள், குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். 1925-இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரவகை பால் வெட்டுக்காரர்களின் வயிற்றோடு சம்பந்தப்பட்டது. எந்த நிரை 'அறுநூறு' என்று அப்பாவுக்குத் தெரியும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று அவருக்குச் சொல்வார் இல்லை. தோட்ட ஆபீஸ் முற்றத்தில் மழைமானி ஒன்று நின்றது. காலையில் கிராணி அதை எடுத்துப் பார்த்து நோட்டில் எழுதுவார். மழை நாளில் பட்டை ஈரம். அப்பாவுக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. எங்கள் வீட்டுச் சோற்றுக்கும் அந்தக் குழாய்த் தண்ணீருக்கும் இருந்த உறவு எந்த நோட்டிலும் ஏறியதில்லை.

இப்போது ஸ்கூடாய்க்கு வருகிறேன்.

மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், எல்லாரும் சொல்வதுபோல் யு.டி.எம்., தன் வேரை 1904-இல் கோலாலம்பூரில் தொடங்கிய ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் காண்கிறது. 1972-இல் அது தேசியத் தொழில்நுட்பக் கழகம். 1975-இல் இன்றைய பெயர். 1985-இல் ஸ்கூடாய் வளாகம் திறக்கப்பட்டபோது சுற்றிலும் ரப்பரும் செம்பனையும்தான். 2010-இல் அதற்கு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்ற தகுதி கிடைத்தது. என் தங்கை மகள் அங்கே முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். முதன்முதலாக என்னை அழைத்துப் போனபோது, அங்கே இத்தனை வகை ஆராய்ச்சி நடக்கிறது என்பது ஒருபுறம் இருக்க, அதில் பாதி எங்கள் தோட்டத்து விஷயமாக இருந்ததுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது.

மழையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருக்கும் கம்பியில்லாத் தொடர்பு மையம் நீண்ட காலமாக மழையை அளந்து ஆராய்ந்துவந்திருக்கிறது. பத்து கிகாஹெர்ட்சுக்கு மேற்பட்ட அலைகளின் நீளம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. மழைத்துளி அவற்றை உறிஞ்சும், சிதறடிக்கும். மிதவெப்ப நாடுகளின் மழையை வைத்துப் போட்ட கணக்கு நம் மழைக்குப் பொருந்தாது. நம்முடையது கொட்டித் தீர்க்கும் மழை, பெரிய துளி. ஆகவே கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதை இங்கேயே அளந்தால்தான் தெரியும். கிராணியின் நோட்டில் ஒரு நாளைக்கு ஓர் எண் இருந்தது. இங்கே ஒரு நிமிடத்தில் எவ்வளவு கொட்டியது என்று பார்க்கிறார்கள்.

உயர் மின்னழுத்த ஆய்வுக் கழகத்தில் மின்னலைப் படிக்கிறார்கள். உலகில் இடி மின்னல் மிகுந்த நாடுகளில் நம் நாடும் ஒன்று. மதியத்துக்கு மேல் வானம் கறுத்தால் காட்டைவிட்டு வெளியே வாருங்கள் என்று மண்டோர் கத்திக்கொண்டே ஓடுவது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காற்றுச் சுரங்கம் ஒன்றும் உண்டு. இரண்டு மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் உயரமும் கொண்ட அந்தச் சோதனை அறையில் நொடிக்கு 80 மீட்டர் வேகம்வரை காற்றை ஓட்டிப் பார்க்கலாம். அதன் முன்னால் பையன்கள் கண் இமைக்காமல் நின்றார்கள். எனக்கு அதில் அதிகம் விளங்கவில்லை. கட்டடக்கலைத் துறையைச் சேர்ந்த 'காலாம்' என்ற மையத்தில் பழைய மரவீடுகளையும் பள்ளிவாசல்களையும் மாணவர்கள் அங்குலம் அங்குலமாக அளந்து வரைகிறார்கள். அந்த வரைபடங்களைப் பார்த்து நான் வெகுநேரம் நின்றேன்.

என் தங்கை மகள் படிப்பது செம்பனை ஆலைக் கழிவுநீர். "மாமா, ஆலைக்குப் பின்னாடி குளம் இருக்குமே, கிட்டப் போகாதீங்கன்னு பாட்டி திட்டுவாங்கன்னு சொல்வீங்களே, அதத்தான் நான் படிக்கிறேன்" என்றாள். ஒரு டன் செம்பனை எண்ணெய் எடுத்தால் ஏறத்தாழ இரண்டரை டன் கழிவுநீர் வெளியேறும். கொதிக்கக் கொதிக்க, புளித்து, பழுப்பாக வரும். அது அப்படியே ஆற்றில் கலந்தால் தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவை உறிஞ்சி மீனைச் சாகடிக்கும். 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. அதன் பிறகுதான் கழிவைக் குளம் குளமாகத் தேக்கி, நுண்ணுயிர்களை விட்டுத் தின்னச் செய்து, பிறகு வெளியேற்றினார்கள். எங்கள் ஊர்க் குளத்தில் குமிழ் குமிழாக எழும்பியது மீத்தேன் வாயு என்று அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு கொடியது அது. மூடிப் பிடித்தால் எரிபொருள்.

அவளுடைய வேலை அதற்கும் அடுத்த படி. குளத்திலிருந்து வெளியேறும் நீரில் மிஞ்சும் பழுப்பை மெல்லிய சவ்வின் வழியே வடிப்பது. சவ்வுத் தொழில்நுட்பத்தில் இந்தப் பல்கலைக்கழகம் உலக அளவில் பேர் வாங்கியிருக்கிறது. அதற்கு முன்னின்ற அகமட் பவுசி இஸ்மாயில் பின்னாளில் இதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரும் ஆனார். நூலைப்போல் மெலிந்த உள்துளைக் குழாய்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, அவற்றின் சுவர் வழியே நீரையோ வாயுவையோ பிரிக்கிறார்கள். அவள் அந்தக் கட்டு ஒன்றை என் கையில் வைத்தாள். அழுக்கு ஏறி அடைத்துக்கொள்வதுதான் பெரிய தலைவலி என்றாள். அடைப்பைக் குறைக்க எதைப் பூசுவது, எப்போது கழுவுவது என்று பார்ப்பதிலேயே காலம் போகிறதாம்.

2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்த நாட்களை இங்கே வாழ்ந்து பார்த்த யாருக்கும், ஒரு பெண் கழிவுநீரோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருப்பது ஏன் என்று விளக்கம் தேவையில்லை.

ஸ்கூடாயோடு இது முடியவில்லை. பத்து பஹாட் பக்கம் பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. கால் வைத்தால் உள்வாங்கும் களிமண்ணும் கரிச்சதுப்பும் நிறைந்த வட்டாரம் அது. அங்கே மென்மண் ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையம் வைத்திருக்கிறார்கள். காலடி மண்ணையே கேள்வியாக்கியிருக்கிறார்கள். பல்கலைக்கழகம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஒரு குறை. மழையை அளக்கிறோம், மண்ணை அளக்கிறோம், கழிவை அளக்கிறோம். அந்த மழையில் கூலி இழந்தவரை, அந்த மண்ணில் மரம் நட்டவரை, அந்தப் பூவின் வாசனை தெரிந்தவரை யார் எழுதுவது? மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இலேயே இந்திய ஆய்வியல் துறை அமைந்தது. தனிநாயகம் அடிகள் அங்கே தலைமையேற்றிருந்த காலத்தில், 1966-இல், முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. உலகமே திரும்பிப் பார்த்த மாநாடு அது. அந்த மரபு நமக்கு உண்டு. ஆனால் தோட்டத்து அறிவு என்பது தமிழ்த்துறைக்கு மட்டும் சொந்தமானதல்ல. பூச்சியியலுக்கும் நீரியலுக்கும் கட்டடக்கலைக்கும் அதில் பங்கு இருக்கிறது. மரவீட்டை அளந்து வரைகிற அதே கவனத்தோடு லயன் வீட்டையும் ஆயாக் கொட்டகையையும் பெரட்டுக்களத்தையும் வரைந்து வைக்க வேண்டும். இஸ்கந்தர் மலேசியா என்று 2006-இல் வகுக்கப்பட்ட பகுதிக்குள்தான் ஸ்கூடாய், செனாய், கூலாய், மாசாய் எல்லாம் வருகின்றன. தோட்டம் இருந்த இடத்தில் தாமான் வந்துவிட்டது. அந்தப் பகுதிக்குக் குறைந்த கரிமச் சமூகத் திட்டத்தை யு.டி.எம். ஆய்வாளர்கள் ஜப்பானின் கியோட்டோ, ஒக்கயாமா பல்கலைக்கழகங்களோடும் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தோடும் சேர்ந்து வகுத்து, 2012-இல் டோஹா பருவநிலை மாநாட்டில் வெளியிட்டார்கள். நல்ல திட்டம். தோட்டம் விற்கப்பட்ட பிறகு அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள், இப்போது எந்த அடுக்குமாடியின் எந்த மாடியில் வேகிறார்கள் என்பதும் அதே நிலத்தின் கதைதான்.

என் தங்கை மகளை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். அவள் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டே கேள்வி கேட்டாள். எந்த நேரத்தில் வாசனை தூக்கலாக வரும், மழை பெய்த மறுநாள் எப்படி, இளமரத்துக்கும் முதுமரத்துக்கும் வித்தியாசம் உண்டா, ஆண் பூவில் பூச்சி பார்த்திருக்கிறீர்களா. அம்மா ஒன்றுவிடாமல் சொன்னார். காலை வெயில் ஏறும்போதுதான் மணம் கூடும் என்றார். இதையெல்லாம் இவ்வளவு நாளும் யாரும் கேட்கவில்லை என்று அவர் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் இருந்தது.

ஜொகூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் பிள்ளை ஸ்கூடாயிலோ பாரிட் ராஜாவிலோ எந்தத் துறையில் ஆராய்ச்சி செய்தாலும், என்ன செய்கிறாய் என்று கேளுங்கள். விளங்கும்வரை விடாமல் கேளுங்கள். அந்தப் பிள்ளையைத் தோட்டத்தில் வேலை செய்த பாட்டி, தாத்தாவிடம் கூட்டிப்போய் உட்கார வையுங்கள். கையால் மகரந்தம் தூவிய பெண்களில் இன்று இருப்பவர்களுக்கு எழுபது, எண்பது வயது. அடுத்த விடுமுறையிலேயே போங்கள்.